சுருதி ஏறும் பெட்டி

1

பழைய சிந்தசைசர் வாங்கப் போகிற எவரும் விற்கிறவரிடம் முதலில் கேட்பது, “சுருதி நிற்குமா?” என்பதுதான். நிற்கும் என்றால் பேச்சு மேலே போகும். நிற்காது என்றால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். கார்த்திகை மாதத்திலிருந்து நான் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். “நிற்கும்” என்று சொன்ன ஜெர்மானியர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். ஒருவர், பாவம், “எழுதியே தருகிறேன், அசையாது” என்றார். அவருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னேன்.

சங்கரன்கோவில்காரன் ஒருவனுக்கு வெளிநாட்டில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டலாம். என் மகள் மீனா ஏற்கெனவே அந்த முடிவுக்கு வந்துவிட்டாள். நீங்கள் இரண்டாவது.

விஷயம் இதுதான். என் மனைவி கோமதி போன வருடம் தை மாதம் இறந்துபோனாள். முதல் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. மேடையில் அவள் பாடியதில் ஒரே ஒரு பாட்டு ஒரு கேசட்டில் மிஞ்சியிருக்கிறது. திதியன்று அந்தக் குரலோடு சேர்ந்து நான் வாசிக்க வேண்டும். அதற்குச் சுருதி நிற்காத சிந்தசைசர்ப் பெட்டி வேண்டும். நிற்கிற பெட்டி எதுவும் அவளோடு சேராது. ஏன் சேராது என்பதைக் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இருக்கிற ஊர் ஜெர்மனியில் மொன்ஷென்கிளாட்பாக். இந்தப் பெயரை வாய் தவறாமல் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கோமதி கடைசிவரை “மஞ்சக்கிளாப்பாக்கம்” என்றுதான் சொன்னாள், ஏதோ செங்கல்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன்போல. தறி எந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. விசைத்தறிச் சத்தத்தில் பிறந்தேன். இத்தனை தூரம் வந்தும் அதே சத்தத்தில்தான் சம்பளம்.

அவள் போனதிலிருந்து பதற்றப்படுவது எனக்கு இன்னொரு முழுநேர வேலை ஆகிவிட்டது. போன் அடித்தால் எழுந்து நிற்கிறேன். தபாலில் கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த கவர் வந்தால் உட்கார்ந்துவிடுகிறேன். அரசாங்கக் கடிதங்கள் அந்தக் கவரில்தான் வரும். கோமதி பேருக்கே ஒன்று வந்தது. வருடாந்தர உடல் பரிசோதனைக்கு நீங்கள் வரவில்லை, உடனே நேரம் குறித்துக்கொள்ளவும் என்று. போன் போட்டேன். பதற்றம் வந்தால் என் ஜெர்மன் ஏழாம் வகுப்புக்கு இறங்கிவிடும். அதிலும் அந்த ஒரு சொல் மட்டும் வாய்க்கு வரவில்லை. “அவர் இப்போது இங்கே இல்லை” என்று சொல்லித் தொலைத்தேன்.

போனை எடுத்த பெண் மிக மரியாதையாக, “முகவரி மாற்றமா? அப்படியென்றால் சம்பந்தப்பட்டவர்தான் நேரில் வந்து தெரிவிக்க வேண்டும்” என்றாள்.

“வந்தால் சொல்லி அனுப்புகிறேன்” என்று சொல்லிவிட்டு வைத்தேன். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு இல்லை.

2

எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நின்று “கோமதி” என்று கூப்பிட்டால் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மன் பேர். எங்கள் இன்னிசைக் குழுவில் பாடிய கோமதி மட்டும் திரும்ப மாட்டாள். மேடையில் பின்னால் திரும்பிப் பார்ப்பது அவள் வழக்கமில்லை. பின்னால் நின்றவன் நான். பெட்டிக்காரன்.

பெட்டி என்று நாங்கள் சொன்னது சிந்தசைசரை. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்து, மதுரையில் இரண்டு கை மாறி எங்களிடம் வந்த கறுப்புப் பெட்டி. அதற்கு ஞாபகசக்தி கிடையாது. இன்றைய கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் வயலின். எங்கள் பெட்டியில் முப்பது ஸ்லைடர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கி அந்தந்தச் சத்தத்தை நாமே உண்டாக்க வேண்டும். அடுத்த பாட்டு வந்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. எது எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு மறந்துபோகும். மேடையில் நான் தடவிக்கொண்டு நிற்கும்போது ஜனங்கள் விசிலடிப்பார்கள். கோமதிதான் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஸ்லைடர் நிற்க வேண்டிய இடங்களில் ஒட்டினாள். சிவப்பு புல்லாங்குழல், பச்சை வயலின், கறுப்பு நாதஸ்வரம் மாதிரி ஒன்று. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெட்டிக்குத்தான் முதலில் பொட்டு வைத்தாள் என்று குழுவில் என்னை ஓட்டாத ஆள் கிடையாது.

அந்தப் பெட்டியின் இன்னொரு குணம், சூடேற ஏறச் சுருதி ஏறுவது. அந்தக் காலத்துச் சர்க்கியூட் அப்படி. எட்டு மணிக்குப் பெட்டியைப் போட்டால் ஒன்பது மணிக்குத்தான் ஓரிடத்தில் நிற்கும். அதனால் கச்சேரிக்கு ரொம்ப முன்னாலேயே போட்டு, அது அடங்குகிறவரை காத்திருப்போம். 

பனவடலிசத்திரத்துக் கோயில் கொடை ஒன்றில் கச்சேரி நடுவே கரண்ட் போனது. ஜெனரேட்டர்க்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து வந்து கயிறு இழுத்து ஓட்டுவதற்குள் பெட்டி சுத்தமாக ஆறிவிட்டது. மழைக்காற்று வேறு. ஜனங்கள் எழுந்து போக ஆரம்பித்திருந்தார்கள். காத்திருக்க நேரமில்லை. கோமதி மைக்கைப் பிடித்து, உள்ளூர் வாத்தியார் ஒருவர் எழுதிய அம்மன் பாட்டை எடுத்துவிட்டாள்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டது, பெட்டி ஏறுகிறது. மெதுவாக, நிற்காமல். கிட்டார்க்காரன் என்னைப் பார்த்து முறைத்துவிட்டு, வாசிப்பதை நிறுத்தி, வாசிப்பதுபோல நடிக்க ஆரம்பித்தான். அவன் நடிப்புக்கு அன்றைக்கு நல்ல கைதட்டு. டோலக்கும் நானும் அவளும்தான் மிச்சம். எனக்கு வியர்வை மூக்கு நுனியில் தொங்கி, ஒரு சொட்டு ஒரு கீயின் மேலேயே விழுந்தது. கோமதி திரும்பவில்லை. பெட்டி ஏற ஏற அவளும் ஏறினாள். பாட்டு முடிகிறபோது தொடங்கிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட அரைக்கட்டை சுருதி மேலே நின்றோம். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எழுந்து போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

வேனில் திரும்பும்போது கேட்டேன்: “ஏட்டி, ஒனக்குப் பயமா இல்லையா? பாதில விட்டுட்டுப் போயிருக்கலாம்லா?”

“நீங்க அங்கன ஒத்தையில ஏறிக்கிட்டிருந்தியளே. எப்படி விட்டுட்டுப் போக?” என்றாள். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

அடுத்த தையில் கல்யாணம்.

3

எங்களுக்கு மைக்செட் போட்டவர் முத்தையா அண்ணாச்சி. சங்கரன்கோவிலில் இப்போதும் கடை வைத்திருக்கிறார், மகன் பார்க்கிறான். கடையை வெள்ளையடிக்கும்போது அந்தக் கேசட் அவர் கையில் கிடைத்திருக்கிறது. பனவடலிசத்திரம், கோமதி என்று மேலே எழுதியிருக்கிறது. போன் பண்ணினார்.

“ஏலே சங்கரு, ஒம் பொண்டாட்டி பாட்டு ஒண்ணு எங்கிட்ட கெடக்குலே. அனுப்பட்டா?”

நான் எழுந்து நின்றுவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பார்சல் நேரே வீட்டுக்கு வரவில்லை. சுங்க அலுவலகத்தில் வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லி ஜன்னல் கவர் வந்தது. அதிகாரி பார்சலை என் முன்னால் பிரித்தார். கேசட்டும், அண்ணாச்சி தன் பங்குக்கு வைத்த காராச்சேவும். காராச்சேவை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கினார். கேசட்டைக் காட்டி, இது விற்பனைக்கா என்று கேட்டார். இல்லை. எத்தனை பிரதி? ஒன்றுதான். பாடகர் பிரபலமானவரா? பனவடலிசத்திரத்தில், ஆமாம். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. மதிப்பு என்ன என்று கேட்டபோது கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தவர் படிவத்தில் ஒரு கோட்டை இழுத்து, “போங்கள்” என்றார். காராச்சேவையும் கொடுத்துவிட்டார். இந்த நாட்டில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே எனக்கு முடிந்த ஒரே காரியம் அது.

கேசட் பதிவானது அண்ணாச்சியின் ஆம்பிளிபயரிலிருந்து, அதில் அன்றைக்குப் பெட்டிக்கு இடமில்லை. பெட்டியை வேறு ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். அதனால் கேசட்டில் கோமதியின் குரல் மட்டும்தான் தெளிவாக இருக்கிறது. அவள் மைக்கில் போய் விழுந்த டோலக் தூரத்தில் கேட்கும். என் பெட்டி ஒரு கொசு அளவுக்கு.

மீனா கொலோன் நகரத்தில் காது கேட்கும் கருவி பொருத்துகிற கடையில் வேலை செய்கிறாள். ஒலி அளக்கிற படிப்பு. அவளுக்குத் தமிழ் சொல்லித் தந்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. அங்கே ஆசிரியைகள் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சங்கரன்கோவில் அப்பனுக்கும் அம்மாவுக்கும் பிறந்த பிள்ளை யாழ்ப்பாணத் தமிழ் பேசும். அதுவும் பள்ளி விட்ட பிறகு குறைந்து, இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும்.

பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு போனில் சொன்னாள்: “அப்பா, அம்மான்ர சுருதி நழுவுது. தொடங்கேக்க ஒண்டு, முடியேக்க வேற ஒண்டு. ஒரு நிமிசம் தாங்கோ, நான் எல்லாத்தையும் நேராக்கி அனுப்புறன்.”

“தொடாதே!”

அவ்வளவு சத்தமாக நான் கத்தியது எனக்கே தெரியாது. கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு இடி இடித்தாள். அந்தக் கட்டைச் சத்தம் எங்களுக்குப் பழையது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கோமதி சமைத்துக்கொண்டே வாய்விட்டுப் பாடுவாள். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை சத்தம் கூடாது என்பது இங்கே வீட்டு விதி. கட்டை இடித்தது. அதன்பிறகு அவள் முணுமுணுத்தாள். பிறகு விசில் வைத்த குக்கர்தான் சமையலறையில் பாடியது.

“அம்மாவைத் திருத்தாதே மக்கா” என்றேன், சத்தத்தைக் குறைத்து. பனவடலிசத்திரம் கதையைச் சொன்னேன்.

அவள் கதையைக் கடைசிவரை கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, “கோவிக்காதேங்கோ. அது பழைய டேப் மெஷின். மோட்டர்ன்ர வேகம் போகப் போக மாறியிருந்தாலும் இப்பிடித்தான் கேக்கும். அம்மா ஏறினவா எண்டு நீங்கள் எப்பிடி நிச்சயமாச் சொல்லுறீங்கள்?” என்று கேட்டாள்.

எப்படிச் சொல்வது? அன்று மேடையில் இருந்தவர்களில் டோலக்காரர் இப்போது உயிரோடு இல்லை. கிட்டார்க்காரன் துபாயா மஸ்கட்டா தெரியாது. அவள் இல்லை. நான் ஒருவன்தான் சாட்சி. நானோ, பதற்றம் வந்தால் தன் வீட்டு எண்ணை மறக்கிற ஆள். முப்பத்தைந்து வருடம் அந்த ஒரு வேன் பேச்சை வைத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டுப் போகாத ஒருத்தி இருக்கிறாள் என்று தைரியமாக இருந்துவிட்டேன். அது ஒரு மோட்டர் பழுது என்றால்?

அன்றைக்குத்தான் பெட்டி தேட ஆரம்பித்தேன். அதே மாதிரிப் பெட்டியை ஆறவைத்து, போட்ட உடனே வாசித்தால், அது ஏறுகிற வழியும் அவள் ஏறுகிற வழியும் ஒன்றா என்று தெரிந்துவிடும் அல்லவா?

“டிஜிட்டல் கீபோர்டில சுருதியைக் கையால ஏத்தலாமே, அதுக்கெண்டு ஒரு சக்கரம் இருக்கு” என்றாள் மீனா. ஏற்றலாம். அது நான் ஏற்றுவது. அன்றைக்கு என்னைக் கேட்காமல் அல்லவா ஏறியது.

4

மூன்று பெட்டிகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன.

முதலாவது வெள்ளை. பிற்காலத்து ஜப்பான். சத்தம் பழைய முறையில் உண்டானாலும் சுருதியை மட்டும் ஒரு டிஜிட்டல் கடிகாரம் பிடித்துக்கொள்ளும். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாது. இரண்டாவது இத்தாலிக்காரி. இரண்டு பக்கமும் தேக்கு நிறத்தில் மரம், உள்ளே கெப்பாசிட்டர் முதல் கீ அடியில் இருக்கும் ரப்பர்வரை எல்லாம் புதுசு. தேன் மாதிரி சத்தம். மூன்றாவது கறுப்பு. எங்கள் பெட்டியின் கூடப்பிறந்தது. விளம்பரத்தில், “சுருதி நிற்கவில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்” என்று விற்கிறவர் வெட்கத்தோடு எழுதியிருந்தார். அதை எழுந்து நின்று படித்தேன்.

முடிவு எடுக்கிற தைரியம் எனக்கு ஏது? விளம்பரத்தில் போட்டிருந்த மூன்றின் சத்தத்தையும் போனில் அண்ணாச்சிக்குப் போட்டுக் காட்டினேன்.

வெள்ளையைக் கேட்டுவிட்டு, “என்னலே இது, ஆஸ்பத்திரி லிஃப்ட்ல நிக்க மாதிரி இருக்கு” என்றார்.

இத்தாலிக்காரி அவரைக் கொஞ்சம் யோசிக்கவைத்தாள். “இது பெரிய எடத்துச் சத்தம்லா. கொடைக்கெல்லாம் வராது. வந்தாலும் நம்மகூடப் பாயில உக்காராது.”

கறுப்பைப் போட்டேன். மறுமுனையில் மைக்செட் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ “ஒண்ணு ரெண்டு மூணு” என்று மைக்கைத் தட்டினார்கள்.

“ஏலே, அந்த மைக்க அமத்து” என்று அங்கே அதட்டினார். பிறகு என்னிடம், “இன்னொரு வாட்டி போடு.”

போட்டேன்.

“இது நம்ம பெட்டிலே. மூக்கடச்சுப் பேசுதுல்லா? அதேதான்.”

“அண்ணாச்சி, சுருதி நிக்காதாம்.”

“பொறவென்ன? நம்மது மட்டும் நின்னுச்சாக்கும்?” என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “சங்கரு, ஒண்ணு கேக்கேன். அந்தப் பாட்டுல நீ சொல்லுத மாதிரி புள்ள நெசமாவே ஏறினாளாலே? எனக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியலியே.”

அவருக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுக் காராச்சேவை முழுதாகத் தின்று தீர்த்தேன். பதற்றத்துக்கு நல்ல மருந்து, வயிற்றுக்குத்தான் ஆகவில்லை.

5

கறுப்புப் பெட்டி வூப்பர்டால் நகரத்தில் இருந்தது. அங்கே ரயில் தண்டவாளத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு போகும். எனக்கு வண்டியே தேவையில்லை, அதைவிட அதிகமாக நானே தொங்கிக்கொண்டிருந்தேன்.

விற்கிறவர் ஓய்வுபெற்ற மனிதர், திரு. ஷ்மிட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஒப்பித்தேன். ‘உங்கள் பழைய எந்திரத்தைப் பார்க்க வந்தேன்’ என்பதில் எந்திரம் என்ற சொல்லைப் பதற்றத்தில் விழுங்கிவிட்டேன். மிச்சம் வந்ததற்கு ஜெர்மனில், ‘உங்கள் கிழவியைப் பார்க்க வந்தேன்’ என்று பொருள்.

“அவள் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாள். அதுவரை சிந்தசைசரைப் பார்க்கிறீர்களா?” என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பெட்டியைப் போட்டார். தொட்டுப் பார்த்தேன். இரண்டு கீ ஒட்டிக்கொண்டது, ஒரு ஸ்லைடர் கரகரத்தது. நான் கேட்ட கேள்விகளை அவரிடம் அதற்குமுன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுருதி எவ்வளவு நகரும்? மேலேயா கீழேயா? நிற்காமல் நகருமா, விட்டுவிட்டா?

“மேலே. சூடாக ஆக, நிற்காமல்” என்றார், ஏதோ பிள்ளையின் கெட்ட பழக்கத்தைச் சொல்வதுபோல. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. சனிக்கிழமை காருடன் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை போனபோது வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். “உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பழுதோடு ஒரு பொருளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு மாலை உட்கார்ந்து சரிசெய்துவிட்டேன். இனி நகராது.”

போட்டுக் காட்டினார். நகரவில்லை.

நான் அவர் வீட்டு நாற்காலியில் யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். பெட்டி நன்றாக இல்லையா என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் விஷயம். எப்படிச் சொல்வது? ஏழாம் வகுப்பு ஜெர்மனில் கரண்ட் போனது, ஜெனரேட்டர்க்காரர் சாப்பிடப் போனது, பெட்டி ஏறியது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “என் மனைவி இறந்துவிட்டாள்” என்றேன். ஒரு வருடமாக வராத சொல், இலக்கணப் பிழை இல்லாமல் வந்து விழுந்தது.

அவர் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். “நான் மாற்றியதைத் திரும்பக் கெடுக்க எனக்குத் தெரியாது, மன்னியுங்கள்” என்றார். பிறகு, மருத்துவர் ரகசியம் சொல்வதுபோல, “ஆனால் இதை இருபது டிகிரியில் வைத்துச் சரிசெய்தேன். இந்த அறையில் நிற்கும். நன்றாகக் குளிரவிட்டு, உடனே கடும் வெப்பத்தில் வைத்தால் என் வேலை ஒன்றும் பலிக்காது. என்ன இருந்தாலும் கிழவிதானே.”

6

திதிக்கு முந்தின நாள் பெட்டியைக் கோமதியின் குளிர்கோட்டில் சுற்றி, அடித்தளத்தில் எங்கள் பங்குக்கு இருக்கும் சாமான் அறையில் குளிர வைத்தேன். அந்தக் கோட்டை அவளுக்குப் பிடிக்காது. அதைப் போட்டால் நெல் மூட்டை மாதிரி இருக்கேன் என்பாள்.

மறுநாள் காலையில் வீட்டுச் சூடேற்றியைக் கடைசி எண்வரை திருகினேன். போதவில்லை. குளியலறை ஹீட்டரைத் தூக்கி வந்தேன். அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். எனக்கு வேண்டியது சித்திரை மாதத்துச் சங்கரன்கோவில், மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அளவுக்கு. கோமதி படத்துக்கு முன்னால் படையல் வைத்தாயிற்று. சாம்பிராணி போட்டால் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் அது மட்டும் இல்லை.

மீனா பதினொரு மணிக்கு வந்தாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். வெளியே பனி. உள்ளே அப்பா பனியனும் வேட்டியுமாக, தலையிலிருந்து வியர்வை ஒழுக.

“என்ன அப்பா செய்யிறீங்கள்? ஏன் இவ்வளவு வெக்கை?”

“ஊரைக் கொண்டாந்திருக்கேன். கோட்டைக் கழத்து.”

சொன்னேன். பெட்டியைச் சூடாக்குகிற யோசனையைக் கேட்டு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், என்னோடு அடித்தளத்துக்கு வந்தாள். இருவருமாகப் பெட்டியைத் தூக்கி வந்தோம். கை வைத்தால் சில்லென்றிருந்தது.

மேசையில் வைத்த பிறகுதான் ஸ்லைடர்கள் ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டுக்குச் சிவப்புப் பொட்டு. எந்தெந்த இடம் என்று என் கை தேடியது. கொஞ்சம் கிடைத்தது, கொஞ்சம் கிடைக்கவில்லை. புல்லாங்குழல் கிட்டத்தட்ட வந்தபோது, “இந்த இடம் மறந்துபோகும், ஏதாவது அடையாளம் வைக்கணும்” என்று முனகினேன். மீனா குளியலறைக்குப் போனாள். கண்ணாடியின் ஓரத்தில் அவள் அம்மா ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள் ஒரு வருடமாக அப்படியே இருக்கின்றன. நான் அவற்றைத் தொடாமல் சுற்றித்தான் கண்ணாடி துடைக்கிறேன். ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்து, விரல் நுனியில் வைத்துக் கொண்டுவந்து, நான் காட்டிய இடங்களில் ஒட்டினாள். நிறம் பார்க்க நேரமில்லை.

“அப்பா, வாசிக்க முன்னம் ஒண்டு சொல்லோணும்” என்றாள். “நான் அந்தப் பாட்டைத் திரும்ப அளந்து பாத்தனான். டோலக் கேக்குதெல்லோ? மோட்டர் வேகம் மாறியிருந்தா டோலக்கின்ர தாளமும் சேந்து வேகமாப் போயிருக்கோணும். போகேல்லை. கடைசி மட்டும் ஒரே தாளம். அம்மான்ர குரல் மட்டும்தான் ஏறுது.”

நான் அவள் ஒட்டிய பொட்டு ஒன்றை விரலால் அழுத்திவிட்டேன்.

“அம்மா உங்களுக்குப் பின்னாலதான் போயிருக்கிறா.”

“பின்னால இல்ல மக்கா, கூடவே” என்றேன். விரலைக் கீயில் வைத்தேன். “போடு” என்றேன்.

அவள் பாட்டைப் போட்டாள். நான் பெட்டியைப் போட்டேன். இருபத்திரண்டு வயதுக் கோமதி மைக்கில் தொண்டையைச் செருமினாள். ஆரம்பத்தில் பெட்டி அவளுக்குக் கீழே கிடந்தது, ஒட்டாமல், இரண்டு பேர் இரண்டு அறையில் இருப்பதுபோல. வாசித்துக்கொண்டே இருந்தேன். ஹீட்டர் முகத்தில் அடித்தது. பெட்டி நகர ஆரம்பித்தது. முதல் சரணம் முடிவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் ஒட்டியது. கொசு அளவுக்குக் கேட்ட என் பழைய பெட்டிச் சத்தம் காணாமல் போனது, நான்தான் அதன் மேல் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏறினாள், நான் ஏறினேன், அல்லது நான் ஏற அவள் ஏறினாள், எதுவென்று அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள்? வியர்வை மூக்கு நுனியிலிருந்து கீயில் விழுந்தது. கட்டை இடிக்கும் என்று காதின் ஒரு பகுதி காத்துக்கொண்டே இருந்தது. இடிக்கவில்லை.

பிறகு தாண்டிவிட்டேன். அறை வெப்பம் ஜாஸ்தி. அன்றைக்கு மழைக்காற்று இருந்தது, இங்கே இல்லை. பெட்டி அவளை விட்டுவிட்டு மேலே மேலே போனது. அவள் தன் இடத்தில் பாடிக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தபோது அவள் கீழே, நான் மேலே. கைதட்டல் வந்தது, பனவடலிசத்திரத்திலிருந்து. பதிவு நின்றது.

“போயிட்டேன்” என்றேன். “அவள விட்டுட்டுப் போயிட்டேன், பாத்தியா?”

மீனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வையை மட்டுமல்ல. பாட்டைத் திரும்ப முதலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

“பெட்டி ஆறினா திரும்பக் கீழ வரும்தானே அப்பா? யன்னலைத் திறக்கட்டோ?”

“கொஞ்சமாத் திற” என்றேன். “மெதுவா வரட்டும்.”

திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. நான் ஒரு கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒற்றைச் சத்தம் அவள் தொடங்குகிற இடத்துக்கு இறங்கி வருகிறவரை இருவரும் காத்திருந்தோம்.